நீலமாக ஒரு ஈப்பிடிப்பான்: நீலகிரியா, வெர்டிட்டரா?

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பறவை பார்க்கத் தொடங்குபவர்களை முதல் குளிர்காலத்திலேயே திணறடிக்கும் ஜோடி ஒன்று உண்டு: நீலகிரி ஈப்பிடிப்பானும் வெர்டிட்டர் ஈப்பிடிப்பானும். தமிழ்ப் பட்டியல்களில் வெர்டிட்டரை நீலமேனி ஈப்பிடிப்பான் என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவு. இரண்டும் நீலம். இரண்டுமே கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டென்று பறந்து பூச்சியைப் பிடிக்கும்.

புதியவர்கள் உடனே நீலத்தின் சாயலை ஒப்பிடப் போய்விடுகிறார்கள். நான் அழுத்திச் சொல்வது இதுதான்: நிறத்தைக் கடைசியில் வையுங்கள். பறவைகளின் நீலம் சாயப்பொருளால் வருவதில்லை. இறகுக்குள் இருக்கும் மிக நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஒளி மாறினால் நீலமும் மாறும். தொட்டபெட்டா சரிவில் பனிமூட்டம் இறங்கியிருக்கும் காலையில் வெர்டிட்டரும் மங்கிக் கருநீலமாகத் தெரியும். சாய்ந்த மாலை வெயிலில் நீலகிரி ஈப்பிடிப்பானும் பளீரென்று மின்னும். அதனால் கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்.

முதல் படி: மாதம்

நீலகிரி ஈப்பிடிப்பான் இந்த மலைகளின் நிரந்தரவாசி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. பெரும்பாலும் 1,200 மீட்டருக்கு மேல்தான் இருக்கும். வெர்டிட்டர் இமயமலைப் பக்கம் கூடு கட்டி, குளிருக்கு மட்டும் இங்கே வருவது. அக்டோபர் வாக்கில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். ஆகவே ஜூன், ஜூலை மழையில் குன்னூரில் நீல ஈப்பிடிப்பான் ஒன்றைப் பார்த்தால் வெர்டிட்டராக இருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். மண்மேட்டுப் பொந்திலோ, சிறு பாலத்தின் அடியிலோ, வீட்டு இறவாணத்திலோ பாசியால் கட்டிய கிண்ணக் கூட்டுக்கு இரை கொண்டுபோனால் அது நீலகிரிதான்.

சிக்கல் குளிர்காலத்தில்தான். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும் நாள்களில் இரண்டும் ஒரே தோட்டத்தில் இருக்கும்.

இரண்டாம் படி: உட்காரும் இடம்

வெர்டிட்டருக்குத் திறந்த வெளி பிடிக்கும். பட்ட மரத்தின் உச்சிக் கிளை, மின்கம்பி, தேயிலைத் தோட்டத்து நிழல் மரத்தின் நுனி என்று ஒளிவுமறைவில்லாமல் உட்காரும். நீலகிரி ஈப்பிடிப்பான் சோலையையும் (உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் வளரும் பசுமைமாறாக் காடு) அதன் விளிம்பையும் விட்டு அதிகம் விலகாது. நடு உயரக் கிளைகளில் பார்க்கலாம். ஆனால் தோட்டத்துக்கும் வரும் பறவை என்பதால் இது வெறும் குறிப்புதான், தீர்ப்பு அல்ல.

மூன்றாம் படி: வாலின் அடி

முடிவு சொல்வது இந்த இடம்தான். நீலகிரி ஈப்பிடிப்பானின் வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டு உண்டு. ஆண், பெண் இரண்டுக்குமே இருக்கும். வெர்டிட்டருக்குக் கிடையாது.

பறவை சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்த வெள்ளை பெரும்பாலும் மறைந்தே இருக்கும். வாலை விரிக்கும்போதுதான் தெரியும். வால் விரிவது மூன்று தருணங்களில்: கிளையை விட்டுக் கிளம்பும்போது, காற்றில் பூச்சிக்காகத் திரும்பும்போது, வந்து இறங்கும்போது. பறக்கும் பறவையைப் பைனாகுலரில் துரத்தாதீர்கள். அது விட்டுச்சென்ற கிளையிலேயே பார்வையை வைத்திருங்கள். ஈப்பிடிப்பான்கள் அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பும் பழக்கம் உள்ளவை. இறங்கும் நொடியில் வால் விரிந்து, கருநீலத்துக்கு இரு பக்கமும் வெள்ளை பளிச்சென்று தெரிந்து மறையும். ஒரு முறை போதாது. இரண்டு மூன்று முறை பார்த்து உறுதி செய்யுங்கள். வெள்ளை தெரியாததற்கு வால் சரியாக விரியாததுகூடக் காரணமாக இருக்கலாம் என்பதால், ‘வெள்ளை இல்லை’ என்று சொல்ல இன்னும் அதிகப் பொறுமை வேண்டும்.

சோலை நிழலில் இதற்கு 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்லென்ஸ்) நன்றாக உதவும். பெருக்கம் அதிகமென்று 12x வாங்கினால் கை நடுக்கமும் கூடவே பெருகும்.

நான்காம் படி: முகமும் வயிறும்

அலகுக்கும் கண்ணுக்கும் இடையே பாருங்கள். ஆண் வெர்டிட்டருக்கு அங்கே கறுப்புப் பட்டை தனித்துத் தெரியும். வெளிர் முகத்தில் மை இட்டாற்போல எடுப்பாக இருக்கும். நீலகிரியிலும் அந்த இடம் கருமைதான், ஆனால் முகமே அடர்நிறம் என்பதால் எடுபடாது. நெற்றியும் புருவமும்தான் சற்று வெளிறிய நீலமாகத் தெரியும்.

பறவை தலைக்கு மேல் இருந்தால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெர்டிட்டரின் நீலம் வயிறு வரை ஒரே சீராக ஓடும். நீலகிரிக்கு வயிறு சாம்பலாகி, வாலடிக்குப் போகப்போக வெளுக்கும்.

ஐந்தாம் படி: இப்போது நிறம்

வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். வெர்டிட்டர் பச்சை கலந்த நீலம். உருளைக்கிழங்குக்குப் போர்டோ கலவை கலக்கியவர்களுக்கு அந்த மயில்துத்த நிறம் சொல்லாமலே புரியும். நீலகிரி ஈப்பிடிப்பான் ஊதா தோய்ந்த கருநீலம். முந்தைய படிகளோடு நிறம் ஒத்துவந்தால் நல்லது. முரண்பட்டால் வாலடியை நம்புங்கள். கேமரா படத்தை வைத்து நீலத்தை அளக்கவே வேண்டாம், வெளிச்ச அளவு கொஞ்சம் குறைந்தால் வெர்டிட்டரும் கருநீலமாகப் பதிவாகும்.

பெண் பறவைகள் இரண்டிலும் மங்கலாக இருக்கும். பெண் வெர்டிட்டர் சாம்பல் படிந்த பசுநீலம், கண்ணருகே கறுப்பும் தெளிவில்லை. பெண் நீலகிரி கருஞ்சாம்பல். அடிப்பக்கம் லேசான பச்சை. இங்கும் வாலடிதான் துணை. கோடையில் பழுப்பு உடலில் புள்ளி புள்ளியாக ஒரு குஞ்சைப் பார்த்தால் புதிய இனம் என்று அவசரப்படாதீர்கள். சற்றுத் தள்ளி நின்றால் தாயோ தந்தையோ இரையோடு வரும்.

இன்னும் இரண்டு நீலங்கள் குழப்பலாம். புதருக்குள் தாழ்வாக, வயிறு வெள்ளையாக இருந்தால் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானா என்று பாருங்கள். மார்பு ஆரஞ்சாக, சற்றுத் தாழ்ந்த சரிவுகளில் இருந்தால் அது டிக்கெல் நீல ஈப்பிடிப்பானாக இருக்கலாம்.

பழக நல்ல இடம் கோத்தகிரியின் லாங்வுட் சோலை, 2024-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. குன்னூர் சிம்ஸ் பூங்காவின் பெரிய மரங்களும் நல்லவை. சோலைக்குள் போவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூடு கட்டும் காலத்தில் பதிவுசெய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். எல்லை காக்க ஓடிவரும் பறவை அந்த நேரத்தில் குஞ்சைக் கவனிக்காது.

பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான ஈபேர்டில் (eBird) பதியும்போது எந்தப் படியில் என்ன தெரிந்தது என்று குறிப்பில் எழுதுங்கள்: ‘இறங்கும்போது வாலடியில் வெள்ளை, இரண்டு முறை’ என்ற அளவு போதும். வால் தெரியவில்லை, வெளிச்சமும் மோசம் என்றால் இனம் உறுதியில்லாத ஈப்பிடிப்பான் என்றே பதியுங்கள். அதற்கும் பட்டியலில் இடம் இருக்கிறது.