சென்டினல்-1 ரேடார் படங்களைக் கொண்டு மண் ஈரப்பதத்தைக் கணிக்கும் முறை

உலர்ந்த மண்ணின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) ஏறக்குறைய 3 முதல் 5 வரை இருக்கும். நீருக்கோ அது 80-ஐ நெருங்கும். மண்ணில் ஈரம் ஏற ஏற, ரேடார் அனுப்பிய நுண்ணலை கூடுதல் வலுவுடன் திரும்புவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஆயினும் உழுத நிலத்தின் கட்டிகளும் பயிரின் இலைகளும் அலையைச் சிதறடிப்பதால், ஒரே ஒரு படத்தை வைத்து ஈரத்தை முடிவு செய்ய இயலாது. ஆகவே, ஓரிடத்தின் பல நாள் படங்களை ஒப்பிடும் மாற்றமறி முறையே புதியவர்களுக்கு ஏற்றது.

முதற்படி, படங்களைத் திரட்டுவது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2014 முதல் இயக்கிவரும் சென்டினல்-1 செயற்கைக்கோள், சுமார் 5.6 செ.மீ. அலைநீளத்தில் எடுக்கும் படங்களை இலவசமாகத் தருகிறது. வி.வி. தளவிளைவுப் படங்களை (அலையைச் செங்குத்துத் தளத்தில் அனுப்பி, அதே தளத்தில் பெற்றவை), குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு, ஒரே சுற்றுப்பாதை எண்ணிலிருந்து மட்டும் எடுங்கள். பாதை மாறினால் அலை விழும் கோணமும், அதனுடன் பின்சிதறல் மதிப்பும் (திரும்பி வரும் அலையின் வலு) மாறிவிடும்.

அடுத்து, ஸ்நாப் (SNAP) என்னும் செயற்கைக்கோள் படச் செயலாக்க மென்பொருளில் சுற்றுப்பாதைத் திருத்தம், வெப்ப இரைச்சல் நீக்கம், அளவீட்டுத் திருத்தம், புள்ளி இரைச்சல் வடிகட்டல், நிலமேடுபள்ளத் திருத்தம் ஆகியவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். வயல் அளவிலான சராசரியை எடுத்த பிறகே டெசிபெல்லாக மாற்ற வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவது பலரும் செய்யும் பிழை.

இனி கணக்கு. அன்றைய பின்சிதறல் மதிப்பிலிருந்து உலர்நிலை மதிப்பை (திரட்டிய படங்களில் வயல் மிக உலர்ந்திருந்தபோது கிடைத்தது) கழித்து, ஈரநிலைக்கும் உலர்நிலைக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். உலர்நிலை −16, ஈரநிலை −8, அன்றைய மதிப்பு −11 டெசிபெல் எனில், 5-ஐ 8-ஆல் வகுக்க 62.5 விழுக்காடு கிடைக்கும். இது ஒப்பீட்டு ஈரமே. மண்ணின் நுண்துளை அளவு (மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கு) 0.45 எனில், அதனால் பெருக்கினால் கன அளவு ஈரம், அதாவது மொத்தக் கன அளவில் நீரின் பங்கு, ஏறக்குறைய 0.28 ஆகும். உலர், ஈர எல்லைகளுக்கு மிகக் குறைந்த, மிக உயர்ந்த மதிப்புகளை அப்படியே கொள்ளாமல், 5-ஆம், 95-ஆம் நூற்றுமானங்களை (முறையே 5, 95 விழுக்காடு மதிப்புகள் எவற்றுக்குக் கீழே அமைகின்றனவோ அவற்றை) கொள்வது பாதுகாப்பானது. தேங்கிய நீரின் வழவழப்பான பரப்பு அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால், வெள்ளம் சூழ்ந்த வயல்கூட வறண்டதாகத் தோன்றி எல்லையைக் குலைத்துவிடும்.

இறுதியாக, செயற்கைக்கோள் கடக்கும் நாளில் மேல் 5 செ.மீ. மண்ணை எடுத்து எடை பாருங்கள். அதை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, எடையிழப்பை உலர் எடையால் வகுத்து, மண்ணின் பருமனடர்த்தியால் (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை, கிராமில்) பெருக்கினால் ஒப்பிடத்தக்க எண் கிடைக்கும். அதற்கும் கீழே, வேர்கள் பரவியுள்ள ஆழத்தின் ஈரத்தை இந்த அலை நேரடியாக அளப்பதில்லை.