அரை மிதி, முழு மிதி

அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் எங்கள் நெல்லிக்குப்பம் கரும்புக் கொல்லையில் இன்னமும் ஓடுகிறது. போன வருஷம் கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. லோடோடு மேடு ஏறினால் இஞ்சின் உறுமும், வண்டி நகராது.

கடலூரில் ஒரு கடையில் மாடலை மட்டும் சொல்லி கிளட்ச் தட்டு வாங்கி வந்தேன். அதை மாற்ற வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மெக்கானிக் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, அரை நாள் மல்லுக்கட்டிப் பிரித்தால் உள்ளே இருந்தது இரண்டு தட்டுள்ள டூயல் கிளட்ச். என் கையில் இருந்ததோ சிங்கிள்!

பிரிக்காமலே தெரிந்துகொண்டிருக்கலாம். பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நின்று, பி.டி.ஓ. (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும்; முழுசாக மிதித்தால் அதுவும் நிற்கும். அப்படியென்றால் டூயல். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டும்போது தினமும் மிதிப்பதுதான், கடை வாசலில் புத்தியில் வரவில்லை.

அப்புறம் பழைய தட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். கறுப்புக் கசடு போனதும் மங்கலாக எண் தெரிந்தது. நடுத்துளையின் பற்களைச் சாக்பீஸால் குறி வைத்து எண்ணினேன். சேஸிஸ் நம்பரையும் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் உரச்சாக்கில் போட்டுப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் பழையதன்மேல் புதியதை வைத்து அளவு பார்த்துத்தான் கொடுத்தார். மாட்டுவதற்கு முன் தட்டை ஷாஃப்டில் செருகிப் பார்த்தோம். இடிக்காமல் வழுக்கிப் போனது. பிரித்ததுதான் பிரித்தோம் என்று பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிட்டேன், இன்னொரு தடவை அந்தக் கூத்தை யார் பார்ப்பது?