புது நுரையீரல், பழைய மூச்சு: மாற்று சிகிச்சைக்குப் பின் மூச்சைப் பழக்கும் முறை

நுரையீரல் மாற்று சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரத்தில் இருந்த ஒருவரின் முதுகில் கை வைத்தேன். உள்ளே சளி உருள்வது என் உள்ளங்கைக்கே தெரிந்தது. "இருமல் வருகிறதா?" என்று கேட்டேன். "இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார். அவர் மறைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சுவாசப் பிசியோதெரபி செய்பவன் என்ற முறையில், புதிதாக வீடு திரும்பியவர்களுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். கீழே உள்ளதை உங்கள் மருத்துவக் குழு தந்த அட்டவணையோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டும் மாறுபட்டால் குழு சொல்வதையே செய்யுங்கள்.

முதலில்: எது அறுந்தது, எது அறுக்கப்படவில்லை

மூச்சை நடத்துவது நுரையீரல் அல்ல. மூளையின் அடியில் உள்ள முகுளம்தான் தாளம் போடுகிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறினால் அதைக் கண்டுகொள்ளும் உணரிகள் அங்கேயே இருக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தால் சொல்லும் உணரிகள் கழுத்துத் தமனியில் உள்ளன. அறுவை சிகிச்சையில் இவை எதையும் தொடுவதில்லை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் நுரையீரலுக்குள் நுழையாமல் இதயத்தின் ஓரமாக இறங்குகிறது. சிலருக்கு அது அடிபட்டுச் சில காலம் மந்தமாவது உண்டு. மற்றபடி வழக்கம்போல வேலை செய்யும்.

அறுபடுவது வேகஸ் நரம்பின் கிளைகள். நுரையீரல் எவ்வளவு விரிந்தது, உள்ளே சளியோ தூசியோ இருக்கிறதா என்று மூளைக்குச் சேதி கொண்டுபோவது இவைதான். விரிவைப் பற்றிய சேதி மூச்சின் தாளத்தை மாற்றுகிறது என்று ஹெரிங், பிராயர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1868-லேயே காட்டினார்கள். அதனால், இந்தச் சேதி இல்லாமல் மனிதர் மூச்சு விட முடியுமா என்ற பயம் ஒரு காலத்தில் இருந்தது. நாய்களுக்கு இரு பக்க நுரையீரலையும் மாற்றியபோது தாளம் கெட்டது, குரங்கினங்களில் கெடவில்லை. 1981-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அறுவை மருத்துவர் புரூஸ் ரைட்ஸின் குழு இதயத்தையும் இரு நுரையீரல்களையும் ஒன்றாக மாற்றி வெற்றி கண்டபோது, மனிதருக்கும் தாளம் நிற்பதில்லை என்பது தெரிந்தது.

சரி, தாளம் நிற்காது. இருமல்தான் நிற்கும். புது நுரையீரலைப் பழைய காற்றுக்குழாயோடு சேர்த்துத் தைத்த இடத்துக்குக் கீழே சளி எவ்வளவு சேர்ந்தாலும் தொண்டையில் அரிப்பு வராது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் ஆரம்பத்தில் மந்தமாகவே இருக்கும். இப்படித் தேங்கும் சளியில் கிருமி வளரும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடும் ஒருவருக்கு அது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 1: உணர்வை நம்பாமல், கடிகாரத்தைப் பார்த்து இருமுங்கள்

முழுப் பதிவையும் படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது படியுங்கள்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். மார்பில் உள்ள தையலின் மேல் ஒரு தலையணையை வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொள்ளுங்கள். அரை நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அப்புறம் மூக்கு வழியாக மெதுவாக, ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும்வரை நிறுத்தி, தானாக வெளியே போக விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. பிறகு நடுத்தரமாக ஒரு மூச்சு இழுத்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து "ஹா" என்று தள்ளுங்கள். தொண்டையை இறுக்க வேண்டாம். சத்தம் வயிற்றிலிருந்து வர வேண்டும். ஒன்றிரண்டு "ஹா"வுக்குள் சளி மூச்சுக்குழாய்க்கு ஏறிவிட்டால், அங்கே நரம்பு அப்படியே இருப்பதால் இருமல் தானாக வரும். வந்ததைத் துப்பி, நிறம் பாருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று உங்கள் குழு சொல்லியிருக்கும். அதை அலைபேசி அலாரத்தில் போட்டுவிடுங்கள். "இன்று சளியே இல்லை" என்று தோன்றும் நாளிலும் விடாதீர்கள். அந்தத் தோற்றத்தைத்தானே நம்ப முடியாது என்கிறோம்!

இது என்றென்றைக்கும் இப்படியே இருக்குமா? ஓராண்டுக்குள் இருமல் உணர்வு பலருக்கு ஓரளவு திரும்புவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திரும்பும்வரை அலாரம்தான் உங்கள் வேகஸ் நரம்பு.

படி 2: மூன்று பந்துக் கருவி

மூச்சை இழுத்தால் பந்துகள் மேலே ஏறும் கருவி இது. ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. புதியவர்கள் பாதிப் பேர் ஊதிவிடுகிறார்கள். பந்து மேலே நிற்கும்படி மெதுவாக இழுங்கள்; வேகமாக இழுத்துப் பந்தை முட்டவைப்பதில் பயனில்லை.

படி 3: தோளை இறக்குங்கள்

நோயோடு பல வருடம் போராடியவர்கள் கழுத்தாலும் தோளாலும் மூச்சு வாங்கிப் பழகியிருப்பார்கள். நுரையீரல் மாறிய பிறகும் இந்தப் பழக்கம் மாறுவதில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறுகிறதா? கழுத்தில் இரண்டு கயிறு புடைக்கிறதா? அப்படியானால் ஒரு கையை மார்பிலும் ஒரு கையை தொப்புளுக்கு மேலும் வையுங்கள். கீழ்க்கை மட்டும் எழ வேண்டும். முதல் சில நாள் எரிச்சலாக இருக்கும். ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு மூன்று வேளை.

உதரவிதானத்துக்கும் இப்போது வேலை புதிது. சிலருக்கு, காற்று தங்கி ஊதிப்போன பழைய நுரையீரல் அதைத் தட்டையாக அழுத்தி வைத்திருந்தது. இப்போது மறுபடி குடைபோல மேலே வளைகிறது. வென்டிலேட்டரில் ஓய்வாக இருந்ததாலும் ஸ்டீராய்டாலும் தசை மெலிந்திருக்கும். பொறுமை வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு தேங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை

நோயின்போது கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவே இருந்தவர்களின் மூளை அதற்குப் பழகிவிட்டிருக்கும். சிறுநீரகமும், ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்து ஈடுகட்டியிருக்கும். புது நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை உடனே வெளியேற்றும். பைகார்பனேட் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதுவரை மூச்சின் உந்துதல் சற்று மந்தமாகத் தெரியலாம். வாரங்கள் போகப் போக மூளையின் உணர்திறன் இயல்புக்குத் திரும்பும். அந்த இடைவெளியில் தூக்க மாத்திரையோ கூடுதல் வலி மாத்திரையோ சொந்த முடிவில் எடுப்பது ஆபத்து. மூச்சை மேலும் மெதுவாக்கும். வலியைப் பொறுத்துக்கொண்டு இருமாமல் கிடப்பதும் தவறு. வலி இருந்தால் குழுவிடம் கேளுங்கள்.

படி 4: நடை

நடக்கும்போது ஒரு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டு பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரியான வேகம். இரைத்தால் நின்று, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுங்கள். "நுரையீரல் புதுசு, ஏன் மாடி ஏற முடியவில்லை?" என்று பலர் கலங்குகிறார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பாருங்கள். ஆக்சிஜன் அளவு நன்றாக இருந்து தொடை நடுங்கினால், தடுப்பது பெரும்பாலும் மூச்சு அல்ல, கால் தசை. அதற்கு மருந்து தினசரி நடையும், உட்கார்ந்து எழும் பயிற்சியும்தான்.

படி 5: ஸ்பைரோமீட்டர் நோட்டு

ஊதும் காற்றின் அளவைக் காட்டும் கருவி ஸ்பைரோமீட்டர். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி. மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுதுங்கள். முதல் சில மாதங்களில் எண் ஏறிக்கொண்டே போகும். பிறகு ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து 10 சதவீதம் குறைந்து, மறுநாளும் குறைந்தே இருந்தால் குழுவுக்கு உடனே பேசுங்கள். காய்ச்சல், புதிதாக மூச்சு வாங்குவது, சளியின் நிறம் மாறுவது, ஆக்சிஜன் அளவு இறங்குவது என எதுவாக இருந்தாலும் அப்படியே. நிராகரிப்பு, அதாவது உடல் புது நுரையீரலை ஏற்காமல் எதிர்ப்பது, பல நேரம் எந்த உணர்வும் தராமல் தொடங்குகிறது. குழுவின் தொலைபேசி எண்ணை அழைப்புப் பட்டியலில் முதலாவதாகச் சேமித்து, வீட்டில் இருக்கும் இன்னொருவர் அலைபேசியிலும் இன்றைக்கே போட்டு வையுங்கள்.