பழைய இங்கிலாந்து வெள்ளிக் கரண்டியை வாங்கும் முன்

பழங்கால இங்கிலாந்தின் வெள்ளிச் சாமான்களைச் சேர்க்க விரும்புபவர் காபிக் கூஜாவிலோ விளக்குத் தண்டிலோ தொடங்காமல், பதினெட்டாம் நூற்றாண்டு மேசைக்கரண்டி ஒன்றில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. விலையும் ஓரளவு கைக்கு எட்டும். கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு கரண்டியிலேயே இருக்கிறது.

முதலில், வெள்ளியின் தரம், சோதித்த ஊர், ஆண்டு ஆகியவற்றைக் காட்டக் குத்திய முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 1780 வரை இவற்றைக் காம்பின் அடியில், கிண்ணத்துக்கு அருகில் குத்தினார்கள்; பிறகு காம்பின் நுனிப் பக்கம் நகர்ந்தன. நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று பொருள். சிறுத்தைத் தலை லண்டனையும், 1773க்குப் பின் வந்த நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். அரசரின் தலை, 1784 முதல் 1890 வரை இருந்த வரி செலுத்தப்பட்டதற்கு அடையாளம். ஆண்டைக் காட்டும் எழுத்துதான் ஆளை ஏமாற்றும்: லண்டனில் இருபது எழுத்துகள் முடிந்ததும் மீண்டும் முதலிலிருந்து வேறு எழுத்துருவில் தொடங்குவார்கள் என்பதாலும், ஒவ்வோர் ஊரும் தனிச் சுற்று வைத்திருந்ததாலும், ஊர் முத்திரையை உறுதிசெய்த பிறகே எழுத்தைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

முத்திரை சரியாக இருப்பதாலேயே பணத்தை எடுத்து நீட்டிவிடக் கூடாது. கரண்டியைக் கவிழ்த்து, கிண்ணத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். முட்டை வடிவில் கூராக முடிய வேண்டிய நுனி, தலைமுறை தலைமுறையாகத் தட்டில் உரசி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கலாம். அத்தகைய கரண்டியை நான் வாங்குவதில்லை. அடுத்து, வாயருகே பிடித்து மூச்சை விடுங்கள்: ஆவி படியும் அந்த ஓரிரு விநாடிகளில், மெருகில் மறைந்திருந்த பற்றவைப்பின் கோடு தெரிந்துவிடும். காம்பில் பெயரெழுத்தைச் சுரண்டி அழித்திருந்தால், அவ்விடம் மெலிந்து பள்ளமாகப் படும். கிண்ணத்தில் பழங்கள் புடைத்து, பொன்முலாம் பூசியிருந்தால், அது பெரும்பாலும் பழைய கரண்டியின் மேல் விக்டோரியா காலத்தில் செய்த வேலை. எனக்கு அது கெடுத்த வேலைதான். முள்கரண்டியில் முத்திரைகள் நீண்டு சிதைந்திருந்தால், கரண்டியை அடித்து மாற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

வீட்டுக்கு வந்த பின், மென்மையான சோப்பு நீரில் கழுவி உடனே துடைத்தால் போதும். அடிக்கடி மெருகேற்றினால் முத்திரைதான் தேயும். உப்பு வெள்ளியை அரிக்கும் என்பதால் உப்புக்கிண்ணத்தில் உப்பை விட்டுவைக்காதீர்கள். பழைய கத்திகளின் பிடிக்குள் குங்கிலியம் போன்ற பிசின் நிரப்பியிருக்கும். வெந்நீரில் அமிழ்த்தினால் அது இளகி, அலகு கழன்று கையோடு வந்துவிடும்.