டார்ச்சுல ஹை சிஆர்ஐ எல்இடி மாத்துறது எப்படி

டார்ச் வெளிச்சம் பளிச்சுன்னு இருந்தும் தக்காளி பழுப்பா, உள்ளங்கை வெளிறிப்போய் தெரியுதுன்னா டார்ச்சையே மாத்த வேணாம், உள்ள இருக்கற எல்இடிய மட்டும் ஹை சிஆர்ஐ எல்இடியா மாத்துங்க போதும். சிஆர்ஐன்னா ஒரு வெளிச்சம் கலரை எவ்ளோ இயல்பா காட்டுதுன்னு சொல்ற நம்பர்.

சிஆர்ஐ 90னு போட்டிருக்கறத மட்டும் பாத்து வாங்கிடாதீங்க. அது 8 வெளிர் கலரோட சராசரி தான், அடர் சிவப்பு அதுல சேராது, அதுக்கு ஆர்9னு தனி நம்பர் இருக்கு, அதையும் கேளுங்க. என்னோட ஃபேவரிட் நிச்சியா கம்பெனியோட 519ஏ எல்இடி, 4500கே (வெளிச்சத்தோட நிறத்த சொல்ற கெல்வின் அளவு). இது 3535 சைஸ், அதாவது 3.5க்கு 3.5 மில்லிமீட்டர், 3 வோல்ட். பழைய எல்இடி 6 வோல்ட்டா இருந்தா அந்த டிரைவர்ல (எல்இடிக்கு கரண்ட் குடுக்கற சர்க்யூட்) இத போடக்கூடாது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல 138 டிகிரி செல்சியஸ்ல உருகற சால்டர் பேஸ்ட் (பத்தவைக்கற ஈயப் பசை), ஈயம் நல்லா ஒட்ட உதவுற ஃப்ளக்ஸ், நல்ல ட்வீசர் வாங்கிக்கோங்க. எல்இடி ஒட்டியிருக்கற போர்டை கழட்டி ஹாட் பிளேட்ல வச்சா ஈயம் உருகி திடீர்னு பளபளன்னு ஆகும், அப்போ பழசை எடுத்துட்டு சுத்தம் பண்ணி, பேஸ்ட்ட ரொம்ப மெல்லிசா தடவி, பிளஸ் மைனஸ் பாத்து புதுச வைங்க, பேஸ்ட் உருகுனதும் அதுவே நகர்ந்து நேரா உக்காரும், அந்த ஒரு செகண்ட் பாக்க அவ்ளோ அழகு. எல்இடி மேல இருக்கற குமிழ் மாதிரி சிலிக்கோன் டோமை மட்டும் தொடாதீங்க, பக்கவாட்டுல லேசா தட்டுனா போதும்.

போர்டை திரும்ப மாட்டும்போது அடியில தெர்மல் பேஸ்ட் (சூட்டை கடத்துற பசை) கட்டாயம். லூமன், அதாவது வெளிச்சத்தோட அளவு, கொஞ்சம் குறையும், கலருக்காக அது தாராளமா குடுக்கலாம். மிச்ச எல்இடிய சிலிக்கா ஜெல் போட்டு சீல் பண்ணி வைங்க, சென்னை ஈரக்காத்து அதுக்கு ஆகாது.