தமிழ் ஆய்வேட்டைச் சோத்கங்காவில் ஏற்றுமுன் செய்ய வேண்டியவை

முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைத் தர வேண்டும் என்ற விதி பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் தொடங்கியது. அந்த ஏடுகள் சேரும் இணையக் களஞ்சியம் சோத்கங்கா. நடத்துவது காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையம், உள்ளே ஓடும் மென்பொருள் டீஸ்பேஸ். பல பல்கலைக்கழகங்களில் நூலகத்தின் ஒருங்கிணைப்பாளரே கோப்புகளை ஏற்றிவிடுவார். ஆய்வாளர் பென்டிரைவில் கொடுத்தால் போதும்.

ஆனால் தமிழில் எழுதிய ஏடு என்றால், நீங்கள் கொடுக்கும் கோப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே அது பிறர் தேடலில் கிடைக்கும். திறந்தால் அழகாகத் தெரியும், தேடினால் ஒரு சொல்கூட அகப்படாது என்ற நிலையில் கிடக்கும் தமிழ் ஏடுகள் ஏராளம். ஐந்தாண்டு உழைப்பு அப்படிப் போகக் கூடாது. கீழே உள்ளவற்றைக் கோப்பைக் கொடுக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

1. ஒட்டிப் பார்க்கும் சோதனை

உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து ஏதாவது ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுங்கள். அதை நோட்பேடில் ஒட்டுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

தமிழ் தமிழாகவே வந்தால் நேரே 4ஆம் படிக்குப் போகலாம்.

ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வந்தால் ஏடு பழைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து குறிகளாக விழும். கணினிக்கு அது தமிழே அல்ல. வானவில் வகை எழுத்துருக்களுக்கும் இதே கதிதான்.

'கொடை' என்ற சொல் 'ெகாைட' என்று சிதறி வந்தால் எழுத்து ஒருங்குறிதான் (யூனிகோடு), பிடிஎஃப் ஆக்கிய விதம்தான் பிழை. 3ஆம் படியைப் பாருங்கள்.

எதையும் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் வருடிய (ஸ்கேன் செய்த) படம். அதற்கான வழி கடைசியில் இருக்கிறது.

2. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எழுத்துரு மாறினால் பக்க அமைப்பு மாறும், பொருளடக்கத்திலுள்ள பக்க எண்களும் நகரும். ஏட்டை இன்னும் அச்சிட்டுச் சமர்ப்பிக்கவில்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். சமர்ப்பித்து வாய்மொழித் தேர்வும் முடிந்திருந்தால் மாற்றாதீர்கள். மின்படி அச்சுப்படியோடு பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போக வேண்டும். அந்த நிலையில் கடைசிப் பகுதியிலுள்ள எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் ஓசிஆர்) வழியே சரி.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். ஆனால் கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் அதில் போடாதீர்கள். எது பாமினி, எது டைம்ஸ் நியூ ரோமன் என்று மாற்றிக்குத் தெரியாது. ஆங்கில மேற்கோள், துணைநூற்பட்டியல், இணைய முகவரி எல்லாமே பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். வேர்டில் பாமினிப் பகுதியில் சுட்டியை வைத்து, 'இதே வடிவமைப்புள்ள உரை அனைத்தும்' என்ற தேர்வைப் பயன்படுத்தினால் எவை பாமினி என்று தெரியும். இயல் இயலாக, அந்தப் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.

மாற்றியபின் கண்ணால் படித்துப் பார்த்தால் போதாது. கீழே உள்ள பிழைகள் எளிதில் கண்ணில் படா, தேடலில்தான் தோற்கும்:

- பாமினியில் காற்புள்ளிச் சாவியைத் தட்டினால் வருவது 'இ'. அதனால் ஆங்கில எழுத்துருவில் இருந்த 1,250 என்ற எண், மாற்றிக்குள் சிக்கினால் 1இ250 ஆகும். அட்டவணைகள் உள்ள இயல்களில் எண்ணுக்கு நடுவே 'இ' இருக்கிறதா என்று தேடுங்கள்.
- பாமினியில் 'ஔ' எழுத்துக்கும் 'ஒ' பக்கத்தில் 'ள' வருவதற்கும் தட்டும் சாவிகள் ஒன்றே. மாற்றி ஊகிக்கத்தான் முடியும். ஔவையார் 'ஒளவையார்' ஆகலாம், கௌரவம் 'கெளரவம்' ஆகலாம்.
- அதன் மறுபக்கம் இன்னும் மோசம். வெளியீடு 'வௌியீடு' ஆகிவிடும். எழுத்துருவைப் பொறுத்து இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். 'வௌ' என்று தேடி, வந்த ஒவ்வொன்றையும் பார்த்துத் திருத்துங்கள். வெள்ளம், வெளி, வெளிப்பாடு எல்லாம் ஆய்வேட்டில் நூற்றுக்கணக்கில் வரும் சொற்கள்.

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்ற டேஸ் 16 என்ற எழுத்துக்குறியீட்டு முறையில் தட்டியவர்களும் ஒருங்குறிக்கு மாற்றியே ஆக வேண்டும். டேஸ் 16 எழுத்துகள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் உட்காருவதால், வழக்கமான விசைப்பலகையில் தமிழ் தட்டித் தேடுபவருக்கு அவை கிடைக்கா.

3. பிடிஎஃப் ஆக்குதல்

வேர்டில் அச்சிடும் கட்டளை வழியாகப் பிடிஎஃப் ஆக்காதீர்கள். அச்சிடும் வழி எழுத்துகளின் வடிவத்தையும் இடத்தையும் மட்டுமே கடத்தும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தாளில் மெய்க்கு முன்னால் நிற்பதால், நகலெடுக்கும்போதும் முன்னாலேயே வந்து விழும். 'ெகாைட' பிறப்பது இப்படித்தான். 'இப்படிச் சேமி' வழியாகப் பிடிஎஃப் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

லிப்ரே ஆஃபிஸ் இதில் இன்னும் நம்பகமானது. ஏற்றுமதிச் சாளரத்தில் பிடிஎஃப்/ஏ என்ற காப்பக வகையைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ் நல்லது, இலவசமாகக் கிடைக்கிறது. கடவுச்சொல் பூட்டு எதுவும் போட வேண்டாம். பூட்டிய கோப்பிலிருந்து களஞ்சியத்தால் உரையை எடுத்துப் பட்டியலிட முடியாது.

முடிந்ததும் மறுபடியும் 1ஆம் படிச் சோதனை.

4. இயல்வாரியாகப் பிரித்தல்

சோத்கங்கா ஏட்டை ஒரே கோப்பாகக் கேட்பதில்லை. 01 தலைப்புப் பக்கம், 02 முன்பக்கங்கள், 03 பொருளடக்கம், 04 ஆய்வுச்சுருக்கம், 05ஆம் எண்ணிலிருந்து இயல்கள், பிறகு பின்னிணைப்பு என்று வரிசை போகும். கடைசியாக 80 என்ற எண்ணில் ஒரு கோப்பு உண்டு. தலைப்புப் பக்கத்தையும் முடிவுரை இயலையும் சேர்த்து அதை ஆக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த 80தான். உங்கள் பல்கலைக்கழகம் தரும் பட்டியலில் சிறு மாற்றம் இருந்தால் அதன்படியே செய்யுங்கள். கோப்புப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், அடிக்கோடு போட்டு இருக்கட்டும்.

இப்படிப் பிரிப்பதால் தேடலுக்கும் பலன் உண்டு. டீஸ்பேஸின் 7ஆம் பதிப்பு வரிசையில், இயல்பு அமைப்பில், ஒரு கோப்பிலிருந்து எடுக்கும் உரைக்கு 1,00,000 குறிகள் என்ற வரம்பு இருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 2,000 குறிகள் என்று வைத்தால் 50 பக்கம். நிர்வாகி வரம்பை உயர்த்தாத களஞ்சியத்தில் 300 பக்க ஏட்டை ஒரே கோப்பாகப் போட்டால் மீதி 250 பக்கமும் தேடலுக்கு வெளியே நிற்கும்.

கள ஆய்வு ஏடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இருக்கும். பெயர், வயது, ஊர், தொலைபேசி எண் என்று நீளும் அந்தப் பட்டியல் உலகம் முழுவதும் திறந்து கிடக்கப்போகிறது. தொலைபேசி எண்களை மூலக் கோப்பிலேயே நீக்குங்கள். மேலே கறுப்புக் கட்டம் வரைந்தால் கண்ணுக்குத்தான் மறையும், அடியிலுள்ள எண் நகலெடுத்தால் வந்துவிடும். அச்சுப்படியும் அதே போல இருப்பதற்காக இதைச் சமர்ப்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

5. விவரக்குறிப்புகள்

தலைப்பைத் தமிழ் எழுத்தில் கொடுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பை மாற்றுத் தலைப்புக்கான கட்டத்தில் போடுங்கள். தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டும் தட்டிக் கொடுப்பதை ஏற்கவே கூடாது. ழகரத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், தேடுபவர் வேறு மாதிரி எழுதுவார்.

பெயரில் தொல்லை உண்டு. டீஸ்பேஸ் குடும்பப்பெயர், சொந்தப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்கு இருப்பது முன்னெழுத்தும் பெயரும். 'மு. கயல்விழி' என்பவர் முதல் கட்டத்தில் கயல்விழி என்றும் இரண்டாவதில் மு. என்றும் தர வேண்டும். மாற்றிப் போட்டால் ஆசிரியர் அகரவரிசையில் 'மு.' என்ற பெயரோடு பட்டியலாவார். எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் கட்டுரை, ஏடு, ஆய்வாளருக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் கணக்கு எல்லாவற்றிலும் அதே வடிவம் இருக்கட்டும்.

குறிச்சொற்களில் 'தமிழ்', 'இலக்கியம்' போன்றவற்றால் பயன் இல்லை. நூற்பெயர், காலம், ஊர், ஆய்வுமுறை என்று ஐந்தாறு கொடுங்கள்.

6. ஏறிய பிறகு

ஏடு ஏறிய அன்றே உள்ளுரையைத் தேடிப் பார்த்துப் பதறாதீர்கள். டீஸ்பேஸில் உரையைப் பிரித்தெடுக்கும் பணி தனியாக, பெரும்பாலும் இரவில் ஓடும். சில நாள் விட்டு, இயலின் நடுவிலுள்ள ஓர் அரிய சொல்லைக் கொடுத்துத் தேடுங்கள்.

மேற்கோளுக்கு உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதை எடுக்காதீர்கள். ஏட்டின் பக்கத்தில் ஹேண்டில் என்ற நிலையான முகவரி இருக்கும். சோத்கங்காவில் அது 10603 என்ற எண்ணில் தொடங்கும். வேறு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் 123456789 என்று தொடங்கினால் கவனம் தேவை. அது டீஸ்பேஸோடு வரும் மாதிரி எண், பதிவு செய்யப்பட்டதல்ல. சேவையகம் மாறினால் இணைப்பு அறுந்துவிடும். முறையான முன்னொட்டைப் பதிவு செய்யும்படி நூலகரிடம் கேளுங்கள்.

பின்னர் சேர்த்தது: அச்சுப்படி மட்டும் இருப்பவர்களுக்கு

மூலக் கோப்பு தொலைந்துவிட்டது, என்ன செய்வது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்ததால் இந்தப் பகுதி. தட்டை வருடியில் (ஸ்கேனரில்) 300 டிபிஐ அளவில் வருடுங்கள். கைபேசிப் படம் வேண்டாம், பக்கம் வளைந்தால் எழுத்துணரி தடுமாறும். பிறகு ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கட்டற்ற கருவியை ஓட்டுங்கள். அது டெசராக்ட் எழுத்துணரியைக் கொண்டு, பக்கத்தின் தோற்றம் மாறாமல் அடியில் கண்ணுக்குத் தெரியாத உரையைச் சேர்க்கும். வெளிவருவதும் பிடிஎஃப்/ஏ வகைதான். டெசராக்டின் தமிழ்த் தரவைத் தனியாக நிறுவி, தமிழ், ஆங்கிலம் இரண்டையும் மொழியாகக் குறிப்பிடுங்கள்.

பாமினியில் ஆன பிடிஎஃப்பை இதில் போட்டால் 'பக்கத்தில் ஏற்கனவே உரை இருக்கிறது' என்று நின்றுவிடும். அந்தக் குப்பை உரையைத்தான் அது உரை என்று எண்ணுகிறது. கட்டாய எழுத்துணர்வு என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பக்கத்தைப் படமாக்கிவிட்டுப் புதிதாகப் படிக்கும். கோப்பின் அளவு கூடும், அதனால் கெடுதல் இல்லை. 'ர' எழுத்தும் துணைக்காலும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வருவது அதிகம் நேரும். 300 பக்கத்தையும் திருத்த முடியாவிட்டாலும் ஆய்வுச்சுருக்கத்தைப் புதிதாகத் தட்டி விவரக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.