ஈர நெல்லை எடைபோட்டு மகசூல் சொல்லாதீர்கள்: கற்பித்தல் முறையைச் சோதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலாய்வு அறிக்கைகள் என் மேசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தை மாதத்தில். வெளியே சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். ஆசிரியர்களும் பி.எட். மாணவர்களும் தங்கள் வகுப்பில் ஒரு புதிய கற்பித்தல் முறையை முயன்று, முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து எழுதியவை அவை. உழைப்புக்குக் குறைவே இருக்காது. ஆனால் திரும்பத் திரும்ப அதே தவறுகள் வரும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எழுதியவர்களில் பலர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். வயலில் இந்தத் தவறை அவர்கள் செய்யவே மாட்டார்கள்.

பெரிய தவறு, பாடம் முடிந்த கையோடு பின்தேர்வு வைப்பது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், தளர்வு உத்தரவு வந்தாலொழிய, நெல்லைக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள் இல்லையா? ஈரத்தோடு இருக்கும் எடை நிற்கப்போகிற எடை இல்லை. படிப்பும் அப்படித்தான். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பத்தியைத் திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால், திரும்பப் படித்தது 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது முன்னது 42க்கு இறங்கிவிட்டது, பின்னது 56இல் நின்றது. அன்றே தேர்வு வைத்து முடித்திருந்தால் ஒரு வாரத்தில் தோற்றுப்போகிற முறைக்கு மாலை போட்டிருப்போம்.

குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு பள்ளியில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஏழாம் வாய்ப்பாட்டைப் பாட்டாகச் சொல்லிக் கொடுத்து, அன்று மாலையே தேர்வு வைத்து, வகுப்பு முழுக்க நல்ல மதிப்பெண். பொங்கல் விடுமுறை முடிந்து போயிருந்தேன். "எட்டு ஏழு எவ்வளவும்மா?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டேன். விரலை மடக்கி, ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று முதலில் இருந்து ஓடிவந்து, நடுவில் ஒரு படி தவறி, நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டாள். பாட்டு மறக்கவில்லை. கணக்குதான் ஏறவில்லை. குறைந்தது இரண்டு வாரம் கழித்து, அதுவும் வரிசை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, ஒப்பிட ஆளே இல்லாமல் வெற்றி அறிவிப்பது. முன்தேர்வில் 40, பின்தேர்வில் 58, ஆகவே முறை நல்லது என்று எழுதுகிறார்கள். இரண்டு மாதம் எந்த முறையில் சொல்லிக் கொடுத்தாலும் பிள்ளைகள் கொஞ்சமாவது கற்றுக்கொள்ளும். புது ரகம் போட்ட வருஷம் மழையும் நன்றாகப் பெய்தால், விளைச்சல் விதையால் வந்ததா மழையால் வந்ததா என்று பக்கத்து வயலைப் பார்க்காமல் சொல்ல முடியுமா?

சரி, ஒப்பீட்டுப் பிரிவு வைத்தாயிற்று. ஆர்வமுள்ள ஆசிரியரின் 'அ' பிரிவுக்குப் புது முறை, 'ஆ' பிரிவுக்குப் பழைய முறை என்றால் அதுவும் கெட்டது. வாய்க்கால் தலைப்பில் இருக்கும் வயலில் புது ரகம், கடைமடையில் பழைய ரகம் போட்டது மாதிரிதான். இதற்கு மருந்து கிடைத்ததே வேளாண் பண்ணையில்தான். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் 1919இல் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நிறுவினார். நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரகச் சோதனை நடப்பதும் இந்த வழியில்தான். பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைச் சோதனை நடத்த வரும் அலுவலர், கண்ணுக்குப் பிடித்த இடத்தில் அறுத்தால் ஊரே சண்டைக்குப் போகாதா?

மும்பையிலும் வதோதராவிலும் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் செய்த ஆய்வும் அதே வழியில் நடந்ததுதான். பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து அடிப்படைப் பாடம் சொல்லித்தர உள்ளூர்ப் பெண்களை அமர்த்தி, எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். இரண்டாம் ஆண்டில் 0.28 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) முன்னேற்றம். திட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தால் சுமார் 0.10தான் மிஞ்சியிருந்தது. அந்தக் குறைந்த எண்ணையும் மறைக்காமல் எழுதினார்களே, எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

'மெல்லக் கற்போர்' பற்றிய ஆய்வில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு ஒன்றை மட்டும் வைத்துக் கடைசிப் பத்துப் பேரைப் பிரித்தால், அதில் காய்ச்சலோடு எழுதியவனும், முந்தின நாள் ஊர்த் திருவிழாவில் தூங்காதவனும் கலந்திருப்பார்கள். அரையாண்டில் அவர்கள் தானாகவே கொஞ்சம் மேலே வருவார்கள். அந்த ஏற்றத்தை உங்கள் முறையின் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு மூன்று தேர்வைச் சேர்த்துப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பின்தேர்வுக்கு வராத பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதும் வேண்டாம். அறுவடைக்குப் பெற்றோரோடு போய்விட்ட பிள்ளைக்குத்தான் நம் முறை பெரும்பாலும் எட்டியிருக்காது.

அப்புறம், எந்தக் கற்பித்தல் முறைக்கு எவ்வளவு பலன் என்று கல்வி ஆய்வாளர் ஜான் ஹாட்டி போட்ட தரவரிசை. 800க்கும் மேற்பட்ட தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவை) திரட்டி 2009இல் அவர் சொன்ன, ஒரு முறையின் பலன் 0.40 திட்ட விலக்கத்தைத் தாண்ட வேண்டும் என்ற எல்லைக்கோட்டை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். பல நாடு, பல வயது, பல பாடம் கலந்த சராசரி அது. மண் பரிசோதனை செய்யாமல் உரம் போட மாட்டீர்கள். உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்கு வாசிக்க வரும் என்று முதலில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது, தலைமையாசிரியர் முன்னால் இரண்டு சீட்டு எழுதிப் போட்டு, எந்தப் பிரிவுக்குப் புது முறை என்று ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்லுங்கள். பாடம் முடிந்து இரண்டு வாரமாவது கழித்து வைக்கப்போகிற பின்தேர்வின் தேதியையும் அன்றைக்கே பதிவேட்டில் எழுதிவையுங்கள்.